நூலகத்துக்காக மாகாணச் சட்டமன்றத்தில் குரல் கொடுப்பது எப்படி: குவாசூலு-நாட்டால் தமிழர்களுக்கான முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நூலகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நம்மவர்கள் உடனே சொல்வது இதுதான்: "கவுன்சிலரிடம் சொல்லியாச்சு, பார்க்கலாம்." நூலகம் சனிக்கிழமை சீக்கிரமே மூடிவிடுகிறது, கணினி பழுதாகிக் கிடக்கிறது, மழைக்குக் கூரை ஒழுகுகிறது, புதுப் புத்தகமே வரவில்லை. எல்லாம் கவுன்சிலரிடம் போகிறது. அவர் மாகாண அரசைக் கைகாட்டுவார், மாகாணம் தேசிய அரசைக் கைகாட்டும். அதற்குள் ஓர் ஆண்டு ஓடிவிடும்.

கவுன்சிலரிடம் சொன்னது தவறில்லை. ஆனால் நூலகத்துக்கான பணத்தின் ஒரு முக்கியப் பகுதியைப் பற்றிய பேச்சு நடக்கும் இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், லங்கலிபலேலே தெருவில் உள்ள மாகாணச் சட்டமன்றம். அந்தப் பேச்சுக்கு ஒரு காலம் உண்டு. சரியான மாதத்தில் சரியான ஆட்களிடம் ஒரே ஒரு தெளிவான கோரிக்கையோடு போனால், நம்மைப் போன்ற சாதாரணப் பெற்றோரும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களும் சொல்வது அந்த அறைக்குள் போய்ச் சேரும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற மாகாணங்களில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். குழுக்களின் பெயர்களும் தேதிகளும்தான் மாறும்.

நூலகம் யார் பொறுப்பு

1996 அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, 'அ' பகுதியைப் பாருங்கள். மாகாணங்களுக்கு மட்டுமே உரிய அதிகாரங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று, தேசிய நூலகங்கள் நீங்கலாக உள்ள நூலகங்கள். அதாவது உங்கள் தெருமுனை நூலகம் சட்டப்படி மாகாணத்தின் பொறுப்பு. அதே அட்டவணையின் 'ஆ' பகுதி நகராட்சிகளின் பொறுப்புகளைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் நூலகம் இல்லை.

நடைமுறை வேறு. பெரும்பாலான நூலகங்களின் கட்டடமும் ஊழியர்களும் பல பத்தாண்டுகளாக நகராட்சிகளின் கையில்தான் இருக்கின்றன. அரசியலமைப்பு வந்தபின் நகராட்சிகள், "எங்கள் பொறுப்பு இல்லாத வேலைக்கு எங்கள் வரிப்பணம் போகிறது" என்று முறையிட்டன. அந்த முறையீட்டில் நியாயம் உண்டு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2007/08 நிதியாண்டிலிருந்து தேசிய அரசு 'சமுதாய நூலகச் சேவை மானியம்' என்ற நிபந்தனை மானியத்தை, அதாவது குறித்த வேலைக்கு மட்டுமே செலவிட வேண்டிய பணத்தை, மாகாணங்களுக்குத் தருகிறது. ஒன்பது மாகாணங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 100 கோடி ரேண்டுக்கு மேல். விளையாட்டு, கலை, பண்பாட்டுத் துறை வழியாக அது மாகாணத்துக்கு வருகிறது. மாகாணம் அதில் ஒரு பகுதியைத் தானே செலவிடுகிறது, ஒரு பகுதியை நகராட்சிகளுக்குக் கொடுக்கிறது.

ஆக, கதவுகள் மூன்று. எந்தக் குறைக்கு எந்தக் கதவு என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஒழுகும் கூரை, திறந்திருக்கும் நேரம், காவலாளி ஆகியவை நகராட்சியின் அன்றாட வேலை. ஆனால் அந்த வேலைக்கு ஆள் போடப் பணம் வருகிறதா என்பது மாகாணத்தின் கேள்வி. புதுக் கட்டடம், நடமாடும் நூலகம், இணைய வசதி, மாகாண நூலகச் சேவை வாங்கித் தரும் புத்தகங்கள் எல்லாம் மாகாணத் துறை. மானியத்தின் மொத்த அளவு தேசிய நாடாளுமன்றத்தில் முடிவாகிறது. அங்கேயும் மாகாணத்துக்கு ஒரு வாக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாள்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

நல்ல கோரிக்கைகள் பலவும் தேதியில்தான் தோற்கின்றன. மே மாதம் ஒரு பெரிய கூட்டம் போட்டு, ஆயிரம் கையெழுத்து வாங்கி, ஜூனில் கொண்டுபோய்க் கொடுத்தால், "நல்ல யோசனை, அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. பணம் அதற்கு முன்பே பங்கிடப்பட்டிருக்கும்.

மாகாணத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உண்மையான வேலை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தொடங்குகிறது. அப்போதுதான் துறை அதிகாரிகள் அடுத்த மூன்றாண்டுக்கான கணக்கை எழுதத் தொடங்குவார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அவர்கள் மாகாணக் கருவூலத்தின் முன் உட்கார்ந்து தங்கள் தேவையை வாதாடுவார்கள். உங்கள் கோரிக்கை அவர்கள் கையில் இருக்க வேண்டிய காலம் இதுதான். அக்டோபர், நவம்பரில் நடப்பாண்டுக்கான திருத்த பட்ஜெட்டும் வரும். துறையில் மீதமிருக்கும் பணம் எங்கே போகிறது என்று கேட்க அது நல்ல நேரம்.

பிப்ரவரியில் மாகாண முதல்வரின் 'மாகாண நிலை உரை'யோடு சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும். வழக்கமாக அதே மாதத்தில் தேசிய நிதியமைச்சர் பட்ஜெட்டைத் தாக்கல் செய்வார். அதன்பின் இரண்டு வாரங்களுக்குள் மாகாண நிதிப் பொறுப்பாளர் மாகாண பட்ஜெட்டைத் தாக்கல் செய்ய வேண்டும். மாகாண அமைச்சர்களை இங்கே எம்.இ.சி. என்கிறோம். இந்தத் தேதிகள் கல்லில் பொறித்தவை அல்ல. 2025-ல் பிப்ரவரி 19-ல் வரவேண்டிய தேசிய பட்ஜெட் மதிப்புக்கூட்டு வரிச் சண்டையில் தள்ளிப்போய், கடைசியில் மே மாதம்தான் நிலைபெற்றது. ஆகவே சட்டமன்றத்தின் அட்டவணையை ஜனவரியிலிருந்தே வாரம் ஒருமுறை பாருங்கள். தொலைபேசியில் கேட்டாலும் சொல்வார்கள்.

மார்ச் மாதத்தில் இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, தேசிய அளவிலான 'வருவாய்ப் பங்கீட்டு மசோதா'. நூலக மானியத்தின் தொகை அதன் அட்டவணையில்தான் இருக்கிறது. இந்த மசோதா மாகாணங்களைப் பாதிப்பதால், நாடாளுமன்றத்தில் மாகாணங்களுக்கான அவையான தேசிய மாகாணப் பேரவையில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு வாக்கு. அந்த வாக்கு எப்படிப் போட வேண்டும் என்று முடிவு செய்வது மாகாணச் சட்டமன்றம். அதற்கு முன் நிதிக்குழு மக்களின் கருத்தைக் கேட்கும். நம் ஆட்கள் யாரும் அங்கே போவதில்லை. அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் சில நாட்கள்தான் இருக்கும் என்பதால் எழுத்து முன்பே தயாராக இருக்க வேண்டும். இரண்டு, தென்னாப்பிரிக்க நூலக வாரம். 1818 மார்ச் 20 அன்று கேப் டவுனில் ஆளுநர் சார்லஸ் சாமர்செட் வெளியிட்ட பிரகடனத்தில் பொது நூலகத்துக்காக மது மீது வரி போடப்பட்டது. அந்த நாளை ஒட்டித்தான் நூலக வாரம் வருகிறது. அப்போது செய்தித்தாளும் வானொலியும் நூலகத்தைப் பற்றிப் பேசத் தயாராக இருக்கும். உறுப்பினர்களும் நூலகத்துக்கு வந்து படம் எடுத்துக்கொள்ள விரும்புவார்கள். வரட்டும். வந்தவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையின் பட்ஜெட் மீதும் தனித்தனியாக விவாதம். இந்தக் கட்டத்தில் தொகை மாறுவது அரிது. ஆனால் குழு தன் அறிக்கையில் பரிந்துரை எழுதும். "இந்த நூலகத்தைப் பற்றித் துறை மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும்" என்ற ஒரே வரி அந்த அறிக்கையில் ஏறினால், அதை அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாது.

உங்கள் நூலகத்தை நீங்களே கணக்கெடுங்கள்

பிரச்சாரம் என்றதும் பலர் முதலில் பேனர் அடிக்கிறார்கள். அதற்கு முன் ஒரு வாரம் நூலகத்தில் போய் உட்காருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

பள்ளி விட்டபின் மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாட்ஸ்வர்த் பக்கத்து நூலகம் ஒன்றில் வாரநாள் மாலை இப்படித்தான் இருக்கும்: சீருடையோடு பிள்ளைகள் உள்ளே வருவார்கள், பையை வாசல் பக்கத்து அடுக்கில் போடுவார்கள், மேசைகள் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். பிந்தி வந்தவர்கள் கலைக்களஞ்சிய அலமாரிக்கு முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவார்கள். சுவரில் ஒரே ஒரு பிளக். அதில் ஒரு நீட்டிப்புப் பலகை, அதில் ஐந்தாறு போன். பிள்ளைகளில் பாதிப் பேர் பாட்டில்பிரஷ் போன்ற குடிசைப் பகுதிகளிலிருந்து நடந்து வருபவர்கள். வீட்டில் மேசை கிடையாது, சில நேரம் விளக்கும் கிடையாது. நூலகப் பெண் ஒருவரே புத்தகத்துக்கு முத்திரையும் குத்தி, அச்சு இயந்திரத்தில் சிக்கிய தாளையும் இழுத்து, வேலைக்கு விண்ணப்பம் போட வந்த இளைஞனுக்கு மின்னஞ்சல் திறந்தும் கொடுப்பார்.

இதையெல்லாம் எண்ணிக்கையாக எழுதுங்கள். மணிக்கு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை நாற்காலி, எத்தனை பேர் தரையில், எத்தனை கணினி வேலை செய்கிறது, வாசல் பலகையில் எழுதிய நேரத்துக்கு உண்மையில் திறந்தார்களா, எத்தனை பேர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். தேதி போடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். பெற்றோரின் அனுமதி இல்லாமல் அது வேண்டாம்.

நூலகத்தின் அதிகாரபூர்வக் கணக்கும் வேண்டும். எத்தனை உறுப்பினர், ஆண்டுக்கு எத்தனை புத்தகம் இரவல் போகிறது, நிரப்பப்படாத பணியிடங்கள் எத்தனை, புத்தகத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்பவை. நூலகத் தலைமைக்கு எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆகஸ்டுக்குள் எண்கள் கையில் வேண்டுமென்றால் ஜூன் தொடக்கத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நூலக ஊழியர்கள் நகராட்சிச் சம்பளக்காரர்கள். அவர்கள் சொன்னதாக எதையும் எழுதாதீர்கள், மனுவில் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், மேலதிகாரியைக் குறைசொல்லும் பேச்சை அவர்கள் வாயிலிருந்து பிடுங்காதீர்கள். கோரிக்கை வாசகர்களுடையது. அவர்களுக்கு நாம் செய்யும் மிகப் பெரிய உதவி, அவர்கள் பெயரை வெளியே விடாமல் இருப்பது.

யாரோடு சேர்ந்து போவது

தனியாகத் தமிழ்ச் சங்கம் மட்டும் போனால், "இது ஓர் இந்திய வட்டாரத்துக் கோரிக்கை" என்று ஓரத்தில் வைத்துவிடுவார்கள். அது நம் மீதான வெறுப்பினால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மாகாணத்தில் கிராமப் பக்கம் நூலகமே இல்லாத ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்த ஊர்களின் உறுப்பினர் நம்மைப் பார்த்து, "உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

இதற்குப் பதில் நம் நூலகத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் ஜூலு பேசும் பிள்ளைகள்தான் பல இடங்களில் அதிகம். அவர்களின் பெற்றோர் நம்மோடு முன்வரிசையில் இருக்க வேண்டும், பின்வரிசையில் அல்ல. பக்கத்துப் பள்ளிகளின் ஆட்சிக் குழுக்களில் பெற்றோர் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்குங்கள். நாட்டின் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இயங்கும் நூலகம் கிடையாது. ஆகவே பொது நூலகம்தான் அந்தப் பள்ளிகளின் நூலகம். தலைமை ஆசிரியர் ஒருவர் தன் பள்ளித் தாளில் எழுதித் தரும் அரைப் பக்கக் கடிதம் ஆயிரம் கையெழுத்தைவிட மேல் என்பது என் கருத்து. அதற்கு அடுத்து கோயில் குழு, தேவாலயம், மசூதி, மூத்தோர் மன்றம். நூலக நண்பர்கள் குழு ஏற்கெனவே இருந்தால் அதன் பெயரிலேயே செய்யுங்கள். புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்கி, தலைவர் யார், செயலாளர் யார் என்று மூன்று மாதம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

1997-ல் உருவான தென்னாப்பிரிக்க நூலக, தகவல் சங்கம் நூலகர்களின் தொழிற்சங்கம் அல்ல, தொழில்முறைச் சங்கம். லியாசா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அதன் மாகாணக் கிளையிடம் பேசுங்கள். எந்தக் கணக்கு எங்கே கிடைக்கும், எந்த அதிகாரி உண்மையில் கோப்பை நகர்த்துபவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

கட்சிக் கொடி எதுவும் வேண்டாம். தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சியும் நூலக வாசலில் நிற்க விரும்பும். எல்லோரையும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். வந்தவர்கள் பேசட்டும், பேசியதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பக்கம், ஒரே கோரிக்கை

உறுப்பினர் ஒருவரின் மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை தாள் விழும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் பத்தியிலேயே என்ன கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்று வந்துவிட வேண்டும். நூலகத்தின் பெருமை, அறிவின் சிறப்பு, வள்ளுவர் வாக்கு எல்லாம் நம் மேடைக்கு. அந்தத் தாளில் அவற்றுக்கு இடமில்லை.

கோரிக்கை செய்யக்கூடியதாக இருக்கட்டும். "நூலகங்களை மேம்படுத்த வேண்டும்" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் எதுவும் செய்யவும் மாட்டார்கள். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"எங்கள் நூலகம் வாரநாட்களில் மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மாலை எட்டு மணி வரை திறந்து வைக்கக் கேட்கிறோம். இதற்கு ஒரு நூலக உதவியாளருக்கும் ஒரு காவலாளிக்கும் மிகைநேர ஊதியம் தேவை. சமுதாய நூலகச் சேவை மானியத்திலிருந்து இந்த நகராட்சிக்குப் போகும் தொகையில் இதைச் சேர்க்கத் துறையைக் கேட்குமாறு குழுவை வேண்டுகிறோம். நாங்கள் ஒரு வாரம் எடுத்த கணக்கும், மூன்று பள்ளிகளின் கடிதங்களும் இணைப்பில்."

இதில் யார், என்ன, எப்போது, எந்தப் பணம் என்று நான்கும் இருக்கின்றன. தோராயமான செலவையும் போடுங்கள். நகராட்சியின் சம்பள விகிதத்தை வைத்து ஒரு கணக்கர் அரை மணி நேரத்தில் போட்டுத் தருவார். செலவு போடாத கோரிக்கையை அதிகாரிகள் தங்கள் இஷ்டத்துக்குப் பெரிதாக மதிப்பிட்டு, "முடியாது" என்று எழுத வாய்ப்பு உண்டு.

மாகாண பட்ஜெட்டில் முக்கால் பங்குக்கும் மேல் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் போகிறது. மிச்சத்தில்தான் மற்ற எல்லாத் துறையும். ஆகவே மருத்துவமனைப் பணத்தை நூலகத்துக்குத் தாருங்கள் என்ற தொனி எங்கேயும் வரக்கூடாது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, வேலை தேடும் இளைஞர், மாத்திரைச் சீட்டைப் படிக்கத் தெரியாத பாட்டி ஆகியோருக்கு நூலகம் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். கல்வித் துறையின் சுமையை நூலகம் தாங்குகிறது என்பது அதிலேயே விளங்கும்.

ஆங்கிலத்தில் ஒரு பிரதி, ஜூலுவில் ஒரு பிரதி. ஜூலுப் பிரதியை இயந்திர மொழிபெயர்ப்பில் விடாதீர்கள். பக்கத்து ஜூலு ஆசிரியர் ஒருவர் படித்துத் திருத்தட்டும். அந்த ஒரு காரியத்திலேயே உங்கள் குழு யாரைச் சேர்த்துக்கொண்டது என்பது தெரிந்துவிடும்.

உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களிடம் பேசிப் பேசி, நம்மில் பலர் 'நம் தொகுதி எம்.எல்.ஏ.' என்ற நினைப்பிலேயே இருக்கிறோம். இங்கே அப்படி இல்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சிப் பட்டியலிலிருந்து வருகிறார்கள். எம்.பி.எல். என்று அழைக்கப்படும் அவர்களுக்குச் சட்டப்படி தொகுதி கிடையாது. கட்சிகள் தாமாகவே ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டாரத்தைப் பிரித்துக்கொடுத்து அலுவலகம் திறக்கின்றன. ஆகவே உங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஓர் எம்.பி.எல். இல்லை, கட்சிக்கு ஒருவர் என்று பலர் இருக்கலாம். ஒவ்வொரு கட்சியின் அலுவலகத்துக்கும் தொலைபேசி செய்து கேளுங்கள்.

குவாசூலு-நாட்டாலில் 80 இடங்கள். 2024 மே 29 தேர்தலில் எம்.கே. கட்சிக்கு 37, இன்காத்தாவுக்கு 15, ஏ.என்.சி.க்கு 14, ஜனநாயகக் கூட்டணிக்கு 11, ஈ.எஃப்.எஃப்.க்கு 2, என்.எஃப்.பி.க்கு 1 என்று வந்தது. இன்காத்தா, ஏ.என்.சி., ஜனநாயகக் கூட்டணி, என்.எஃப்.பி. நான்கும் சேர்ந்து 41 இடங்களோடு அரசு அமைத்தன. இவ்வளவு நெருக்கமான சபையில் யாரையும் விட்டுவிடக் கூடாது. எதிர்க்கட்சி உறுப்பினர் குழுவில் கேட்கும் கேள்விக்கு எம்.இ.சி. பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆளுங்கட்சி உறுப்பினர் தாழ்வாரத்தில் அதிகாரியிடம் சொல்லும் ஒரு வார்த்தை பல நேரம் அதைவிட வேகமாக வேலை செய்யும். இரண்டும் வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவர்கள் இரு குழுக்களின் உறுப்பினர்கள்: விளையாட்டு, கலை, பண்பாட்டுக் குழுவும் நிதிக் குழுவும். குழுவின் செயலாளரை மறந்துவிடாதீர்கள். நிகழ்ச்சிநிரல் தயாரிப்பவர் அவர். மரியாதையாக, சுருக்கமாக, சொன்ன நேரத்தில் தொலைபேசி செய்பவர்களை அவர் நினைவில் வைத்திருப்பார்.

சந்திப்புக்கு மூன்று பேர் போதும். ஒரு பெற்றோர், ஓர் ஆசிரியர், ஒரு மாணவர். உள்ளே போனதும் "சனிபோனானி" என்று ஜூலுவில் வணக்கம் சொல்லித் தொடங்குங்கள். மாணவரை முதலில் பேச விடுங்கள், இரண்டு நிமிடம். பிறகு கோரிக்கைத் தாள். பிறகு ஒரே கேள்வி: "ஐயா, இதை எந்தக் கூட்டத்தில் எழுப்ப முடியும்?" பெண் உறுப்பினரானால் அம்மா என்றோ ஆங்கில வழக்கப்படி மாண்புமிகு உறுப்பினர் என்றோ சொல்லலாம். "செய்கிறேன்" என்ற பதிலோடு எழுந்துவிடாதீர்கள். தேதியோடு எழுந்திருங்கள். அன்று மாலையே நன்றிக் கடிதம் போடுங்கள், அதில் அவர் ஒப்புக்கொண்டதை அப்படியே எழுதுங்கள். அடுத்த முறை பேசும்போது அந்தக் கடிதம்தான் உங்கள் ஆதாரம்.

வாக்குவாதத்தில் ஜெயிக்கப் போகவில்லை என்பது நினைவிருக்கட்டும். அவர் நூலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருக்கலாம். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூன்று மணிக்கு வாருங்கள் என்று சொல்லுங்கள், காலை பத்து மணிக்கு அல்ல.

பொதுக் கருத்துக் கேட்பில் பேசுவது

மக்களைக் கேட்பது சட்டமன்றத்தின் தயவு அல்ல. அரசியலமைப்பின் 118-ஆம் பிரிவு, மாகாணச் சட்டமன்றம் தன் வேலையில் மக்கள் பங்கேற்க வழிசெய்ய வேண்டும், கூட்டங்களைத் திறந்த முறையில் நடத்த வேண்டும் என்கிறது. 115-ஆம் பிரிவு, யாரிடமிருந்தும் மனுவையும் கருத்துரையையும் பெறும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கிறது. 17-ஆம் பிரிவு மனு கொடுக்கும் உரிமையை நமக்குத் தருகிறது.

இதற்கு நம் மாகாணத்திலேயே ஒரு வலுவான சான்று உண்டு. மட்டட்டியேலே பகுதியை குவாசூலு-நாட்டாலிலிருந்து கிழக்குக் கேப்புக்கு மாற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தை எதிர்த்து மக்கள் வழக்குப் போட்டார்கள். குவாசூலு-நாட்டால் சட்டமன்றம் மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை என்ற காரணத்தால், 2006 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பகுதி மாற்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே கருத்துக் கேட்பு என்பதைச் சட்டமன்ற அலுவலகங்கள் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்களுக்கு அறிவிப்பு வரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பேசக் கிடைப்பது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோ. எழுதியதை வாசிக்காமல், தாளில் உள்ள கோரிக்கையை முதல் நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். மணி அடித்தால் நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு முன் பேசியவர் தன் ஊருக்கு நூலகமே இல்லை என்று சொல்லியிருந்தால், "அவர் சொன்னதை நாங்களும் ஆதரிக்கிறோம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். அவர்களின் எண்ணை வாங்கிவைத்து, அடுத்த முறை சேர்ந்து வாருங்கள். சட்டமன்றம் ஊர் ஊராக வந்து மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக வசதி இல்லாதவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

நகராட்சிப் பக்கம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகராட்சி தன் வரைவு பட்ஜெட்டை மார்ச் மாத இறுதிக்குள் சபையில் வைக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி அதன்மீது மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும், வந்த கருத்தைச் சபை பரிசீலிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டங்கள் நடக்கும். வார்டு குழுவில் கவுன்சிலரோடு பத்துப் பேர் வரை இருப்பார்கள். அவர்களில் ஒருவர் நூலகத்துக்காகப் பேசுபவராக இருக்கட்டும். மாகாணத்திடம் கேட்டதையே நகராட்சியிடமும் கேளுங்கள், வேறு எதையும் சேர்க்க வேண்டாம். இரண்டு இடத்திலும் ஒரே தாள் இருந்தால்தான் ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாது.

தமிழ் அலமாரியைப் பற்றி

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த நாளிலிருந்து நம் மொழி இந்த மண்ணில் இருக்கிறது. கரும்புத் தோட்டக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் நம் முன்னோர். தனித்தனி வசதிச் சட்டம் 1953-ல் வந்தபின் நூலகத்தின் வாசலைக்கூட நிறம் பார்த்துத்தான் திறந்தார்கள். 1990-ல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இன்று எந்த நூலகத்துக்குள்ளும் போய் உட்கார முடிகிறதென்றால் அது சும்மா கிடைக்கவில்லை.

அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியம் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருதுவும் அதில் இருக்கின்றன. ஆகவே தமிழ்ப் புத்தகம் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஆனால் முதல் ஆண்டிலேயே இதை முதன்மைக் கோரிக்கையாக வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. முதலில் நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். பிறகு மாகாண நூலகச் சேவையின் புத்தகத் தேர்வாளர்களிடம் தனியாகப் பேசுங்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எதை வாங்குவது என்று தெரியாமல்தான் வாங்காமல் இருக்கிறார்கள்.

அந்த வேலையை நாமே செய்து கொடுக்கலாம். பாடசாலை ஆசிரியர்கள் உட்கார்ந்து நூறு தலைப்புகள் கொண்ட ஒரு பட்டியல் போடுங்கள். பெரிய எழுத்துப் படப் புத்தகம், தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் கதைகள், வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கான எழுத்துப் பயிற்சி, பெரியவர்களுக்கு நாவல், சமையல், பக்தி. பதிப்பகம், விலை, கிடைக்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். பின் அந்தப் புத்தகங்களை எடுத்துப் படியுங்கள். ஆண்டு முழுக்க இரவல் போகாத புத்தகத்தை அடுத்த ஆண்டு யாரும் வாங்க மாட்டார்கள். சனிக்கிழமைப் பாடசாலை வகுப்பை மாதம் ஒருமுறை நூலகத்திலேயே நடத்தினால் முத்திரைகள் தானாக விழும்.

நம் ஊர்களில் அச்சான மலர்களும் சங்க அறிக்கைகளும் இருந்தால், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பெஸ்ஸி ஹெட் நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். 1997 சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சேர வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

பணம் ஒதுக்கியபின்

ஒதுக்கீடு அறிவித்த நாளில் பலர் பட்டாசு வெடித்துவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். நிபந்தனை மானியத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆண்டு முடிவில் செலவாகாமல் மீந்தால், தனி அனுமதி பெறாவிட்டால் அது தேசிய நிதிக்கே திரும்பிப் போய்விடும். ஒப்பந்தப்புள்ளி தாமதம், பணி நியமனத் தாமதம், ஒப்பந்தக்காரர் வேலையை விட்டுப் போவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை துறையிடம் மூன்று கேள்வி எழுதுங்கள்: எங்கள் நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், இதுவரை எவ்வளவு செலவானது, மிச்சத்தை எப்போது செலவிடுவீர்கள். நகலை உங்கள் எம்.பி.எல்.களுக்கும் குழுச் செயலாளருக்கும் அனுப்புங்கள். துறையின் ஆண்டறிக்கை செப்டம்பர் வாக்கில் வெளியாகும். அதில் நூலகப் பக்கத்தைத் தேடி, இலக்கையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தக் கடிதங்களை எழுத ஒருவரை நியமியுங்கள். பேச்சாளர் வேண்டியதில்லை, பொறுமைசாலி வேண்டும். வந்த பதில், அனுப்பிய கடிதம், கூட்டக் குறிப்பு, தொலைபேசியில் பேசியவரின் பதவி எல்லாம் தேதிவாரியாக ஒரே கோப்பில் இருக்கட்டும். ஆள் மாறினாலும் கோப்பு மாறக் கூடாது. எம்.இ.சி. மாறுவார், குழுத்தலைவர் மாறுவார், கவுன்சிலர் தேர்தலில் தோற்பார். புதிதாக வருபவரிடம் முதல் வாரத்திலேயே அந்தக் கோப்பின் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கேட்டது கிடைத்துவிட்டால், மறு ஜூலையில் அடுத்த கோரிக்கையை எடுங்கள். கிடைக்காவிட்டால் அதே கோரிக்கையைப் புதிய கணக்கோடு எடுங்கள். இரண்டிலும் முதல் வேலை ஒன்றுதான்: ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து மீண்டும் எண்ணுவது.